புலிக்கு அடிக்கிற வாளி

எங்கள் தோட்டத்தில் புலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். மண்டோர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எந்தப் பெண்ணுக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. அதை நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைக் கொஞ்சம் கோபமாகத்தான் சொல்வேன். இத்தனை காலம் ஆகியும் அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

மலாயாவில், குளுவாங்கில் ரயிலை விட்டு இறங்கி, செம்மண் பாதையில் மாட்டுவண்டி பிடித்து உள்ளே போனால் காட்டை அழித்து நட்ட ரப்பர் தோட்டம் ஒன்று இருந்தது. அங்கேதான் வளர்ந்தேன். அப்போது எனக்குக் கல்யாண வயது. அப்பா கால் புண்ணோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவும் நானும் பால் வெட்டினோம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடு, தோட்டம் கொடுத்த வரிசை வீடு, வேலை செய்கிறவர்களுக்கு மட்டும்தான். வேலையை விட்டால் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும்.

தோட்டத்தின் மூன்று பக்கமும் காடு அப்படியே நின்றது. அதனால் புலி வரும். வந்தால் இன்னது செய்ய வேண்டும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டிருந்தார். புலியையோ அதன் தடத்தையோ பார்த்தவர் கையிலிருக்கும் வாளியை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டவர்கள் அவரவர் வாளியை அடித்துக்கொண்டே அந்தத் திசைக்கு ஓட வேண்டும். அத்தனை இரைச்சலில் புலி நிற்காது. அன்றைக்கு எவ்வளவு பால் கொட்டினாலும் கேள்வி கிடையாது, எல்லோருக்கும் முழுக் கூலி.

பால் எதற்குக் கொட்ட வேண்டும் என்று கேட்பீர்கள். வெறும் வாளியை அடித்தால் கணகணவென்று தோட்டம் முழுக்கக் கேட்கும். பால் நிறைந்த வாளியை அடித்துப் பாருங்கள், தலையணையைத் தட்டின மாதிரி இருக்கும். பக்கத்து மரத்தில் இருப்பவளுக்குக்கூடக் கேட்காது. பாலைக் கொட்டினால்தான் வாளிக்குச் சத்தம் வரும்.

மண்டோருக்கும் இது தெரியும். வெட்டுக்காரர்களை மேய்க்கிற வேலை அவனுக்கு. கங்காணிக்கு மச்சான் வேறே, கேட்கவா வேண்டும்! காலையில் பெரட்டில், அதாவது ஆள் பிரிக்கிற வரிசையில், யாருக்கு எந்த நிரை என்பது அவன் வாயிலிருந்துதான் வரும். ஒருத்தி வெட்ட வேண்டிய மரங்களின் வரிசைக்கு நிரை என்று பெயர். லயத்துக்குப் பக்கத்தில் நிரை கிடைத்தவள் பிழைத்தாள். சதுப்பை ஒட்டின கடைசி நிரை கிடைத்தவள் பாடு திண்டாட்டம். அங்கே பகலிலும் இருட்டு. கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும்.

எனக்கு அந்தக் கடைசி நிரை கிடைத்தது வாயால். பால் நிறுக்கிற இடத்தில் ஒரு நாள் மண்டோர் என் வாளியை வாங்குகிற சாக்கில் விரல்களையும் சேர்த்துப் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"வாளிய மட்டும் புடிங்க மண்டோரே. கை எனக்கு வேலைக்கு வேணும்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் பெரட்டில் என்னைப் பார்க்காமலேயே, "கடைசி நிரை" என்றான்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டாள். "வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா என்னாடி? அவன் கண்ணுல படாம வெட்டிப்புட்டு வந்துடு."

"கடைசி நிரையில அவன் கண்ணுல படாம எப்படிம்மா இருக்கிறது? அங்க நானும் அவனுந்தான் இருப்போம்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

விடிகாலையில் மரத்தை வெட்டி, பால் வடியக் கட்டிய மங்குகள் நிறையும் வரை காத்திருந்து, வெயில் ஏறின பிறகு மரம் மரமாகப் போய் வாளியில் ஊற்றிச் சேர்ப்போம். அந்தப் பால் எடுக்கிற நேரத்தில்தான் அவன் வருவான். ஆளுக்கொரு மூலையில் இருப்போம், வாளியும் நிறைந்திருக்கும். முதலில் தூர நின்று பீடி குடித்தான். பிறகு ஒரு நாள் என் பாதையில் குறுக்கே நின்றான். பேச்சு மட்டும் தேனாக இருக்கும்.

"தனியா பயமா இல்லியா புள்ள? ஒரு வார்த்த சொல்லு, நிரைய மாத்திடுறேன். அப்பாவுக்கும் ஆஸ்பத்திரியில நல்ல கட்டில் கெடைக்கும்."

பயம் இல்லை என்று இன்றைக்கு உட்கார்ந்துகொண்டு பெருமை அடிக்கமாட்டேன். பயத்தில் கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டன. ஆனால் கையிலிருந்த பால் வெட்டுகிற கத்தியை இறுக்கிப் பிடித்தேன். அவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"மரத்தத்தான் சீவத் தெரியும் ஒனக்கு. என் மேல கீறல் விழுந்திச்சு, குளுவாங்கு போலீசுல நீ களி திம்பே" என்றுவிட்டுப் போனான். பாவி, அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கத்தி பட்டையைச் சீவத்தான் லாயக்கு. குத்தினால் இறங்காது, அவனுக்கு ஆத்திரம்தான் ஏறும். அதன் பிறகு போலீஸ், கோர்ட்டு, அம்மா தெருவில். கத்தி எனக்கு உதவாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

உதவப்போவது வாளிதான். ஒரு வாளியை விளிம்பு வரை நிரப்பிய பிறகுதான் இரண்டாவதில் ஊற்றுவது என்று வைத்துக்கொண்டேன். அதுவரை அது வெறும் வாளி, அடித்தால் கேட்கும். அவன் அதையும் கவனித்துவிட்டான். இரண்டாவது வாளியும் பாரமான பிறகு வர ஆரம்பித்தான். அடேயப்பா, இந்தப் புத்தியைத் தோட்ட வேலையில் காட்டியிருந்தால் பெரிய கங்காணியே ஆகியிருப்பான்.

ஆகவே கொட்டித்தான் ஆக வேண்டும். நான் கொட்டினால் மட்டும் போதாது. சத்தம் கேட்டு வருகிறவர்களும் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் பதில் சத்தம் வராது. பதில் வராவிட்டால் அவனுக்குப் பயம் வராது.

ஓடையில் துணி துவைக்கும்போது பேச்சை எடுத்தேன். என் பக்கத்து நிரை வெட்டுகிற அக்கா ஒருத்தி இருந்தாள். புருஷன் கப்பலேறி ஊருக்குப் போனவன், திரும்பவில்லை. அதிகம் பேசமாட்டாள்.

"நான் வாளி அடிச்சா வருவீங்களாக்கா?"

"புலிக்குன்னா வராம எப்படி?"

"புலி இல்லாட்டி?"

அக்கா துணியைக் கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள். "போன வருசம் அந்தக் கடைசி நிரை எனக்குத்தான் குடுத்திருந்தான். நான் அடிக்கல."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஓடையில் இருந்த அத்தனை பேருக்கும் அவள் சொன்னது கேட்டது. ஒருத்திகூடத் தலை தூக்கவில்லை. அப்புறம் ஒருத்தி ஆரம்பித்தாள். "புலின்னா தொரை கூலி குடுப்பாரு. மண்டோருன்னா யாரு குடுப்பா? என் புள்ளைக்குக் கஞ்சி நீ ஊத்துவியா?" இன்னொருத்தி, "எல்லாரும் ஓடியாந்து நின்னா என்னான்னு சொல்லுவே? நாலு பேரு முன்னால ஒன் பேருதான் நாறும்" என்றாள்.

எல்லோரையும்விட உரக்கப் பேசியது யார் தெரியுமா? என் அம்மா. "யாரும் கொட்ட வேணாம். நான் கொட்ட மாட்டேன். இவளும் கொட்ட மாட்டா. வேலயப் பாருங்க எல்லாரும்!" என்று கையிலிருந்த துணியை உதறிக்கொண்டு எழுந்து போனாள். எனக்கு அழுகை வந்தது. அம்மாவைப் பற்றி அன்றைக்கு நான் மனசுக்குள் நினைத்ததை இங்கே எழுதப்போவதில்லை.

சில நாள் கழித்து அவன் வந்தான். இரண்டு வாளியிலும் பால். தோளில் வைக்கக் காண்டாக் கம்பை, அதாவது இரண்டு வாளியையும் மாட்டித் தூக்குகிற கம்பை எடுக்கக் குனிந்தேன். பின்னாலிருந்து என் தோள் துணியைப் பிடித்து இழுத்தான். பேச்சு, தேன் ஒன்றும் அன்றைக்கு இல்லை. பீடி நாற்றம் கழுத்தில் அடித்தது.

நான் யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் அம்மா சொன்னதெல்லாம் ஞாபகம் வந்திருக்கும். அந்த வாளிகளைத் தினமும் தோளில் சுமக்கிறவள் நான். ஒன்றைப் பிடியோடு தூக்கித் திரும்பின வேகத்தில் அவன் முகத்தில் வீசினேன். பால் முழுக்க அவன் தலை, கண், மீசை, சட்டை என்று இறங்கியது. "ஐயோ கண்ணு!" என்று என்னை விட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கினான். கித்தாப்பால், அதாவது ரப்பர் பால், கசக்கினால் என்ன ஆகும்? இன்னும் ஒட்டும். நான் வாளியைக் கவிழ்த்துப் பிடித்துக் கத்திக் காம்பால் அடிக்க ஆரம்பித்தேன்.

கணகணகணவென்று எனக்கே காது வலித்தது. நிறுத்திக் கேட்டேன். ஒன்றும் இல்லை. பூச்சி கத்துகிற சத்தம் மட்டும். திரும்பவும் அடித்தேன். அடித்துக்கொண்டே மரத்துக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன். அவன் ஒரு கண்ணைத் திறந்துவிட்டான். "அடிடி, நல்லா அடி. எவ வர்றான்னு பாக்கலாம்" என்றான்.

அப்போது பதில் வந்தது. கணீரென்று இல்லை. டொக் டொக் என்று, அடி ஓட்டைக்கு ஈயம் பூசின வாளி. அந்தத் தோட்டத்திலேயே அப்படி ஒரு வாளிதான் உண்டு. அது என் அம்மாவுடையது.

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. என் அம்மா கொட்டிவிட்டாள்! அடுத்தாற்போல் பக்கத்து நிரையிலிருந்து இன்னொரு வாளி. அது அந்த அக்கா. அவள் வெறி பிடித்தவள் மாதிரி அடித்தாள். பிறகு மேட்டிலிருந்து ஒன்று, பள்ளத்திலிருந்து ஒன்று. தோட்டமே அதிர்ந்தது. மண்டோர் ஓடப் பார்த்தான். எந்தப் பக்கம் ஓடுவது? எல்லாப் பக்கத்திலிருந்தும் வாளி வருகிறது.

அம்மாதான் முதலில் வந்தாள். தலைத்துணி அவிழ்ந்து, முட்டியில் ரத்தம். ஓடி வரும்போது விழுந்திருக்கிறாள். அவனையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள். பெண்கள் வந்து சுற்றி நின்றார்கள். புல்வெட்டுகிற ஆண்கள் பாராங் என்கிற நீளக் கத்தியோடு வந்தார்கள். கடைசியில் துப்பாக்கியோடு துரையும், மூச்சு வாங்கிக்கொண்டு கிராணியும் வந்து சேர்ந்தார்கள். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். கணக்கும் எழுதுவார், துரைக்குத் தமிழை இங்கிலீஷில் மாற்றியும் சொல்வார்.

"புலி எங்கே?" என்றார் துரை.

நான் வாயைத் திறப்பதற்குள் மண்டோர் முந்திக்கொண்டான். "புலிதான் தொரை! இந்தப் புள்ள கத்திச்சு, காப்பாத்த ஓடியாந்தேன். பயத்துல வாளிய என் மேலேயே கொட்டிடுச்சு." மீசையில் பால் கட்டியாகத் தொங்க, கைகூப்பிக்கொண்டு நின்றான். நாலு நாள் பழசான தயிரைத் தலையில் கவிழ்த்த மாதிரி இருந்தது. அந்த நிலைமையிலும் எப்படித்தான் அவனுக்குப் பொய் அவ்வளவு சுத்தமாக வந்ததோ!

பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. புலி என்று நான் தலையை ஆட்டினால் போதும். எல்லோருக்கும் முழுக் கூலி, என் பெயருக்கும் பழுதில்லை, வீடும் இருக்கும். இல்லை என்றால் கொட்டின பாலுக்கு எல்லோரும் பதில் சொல்ல வேண்டும். கிராணி என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "ஓம் எண்டு சொல்லிப்போடு பிள்ளை. எல்லாருக்கும் நல்லது." கெட்ட மனுஷன் இல்லை அவர். நல்லதற்குத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல்தான் அதிகமாகக் கோபம் வந்தது.

ஓம், ஆமாம் என்று சொன்னால் நாளைக்கும் அதே நிரை, அதே நேரம், அதே ஆள். அப்போது நான் எத்தனை வாளி அடித்தாலும் அது புலிதான்.

கிராணி மாற்றிச் சொல்கிற வேலையே வைக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். துரைக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். வேலை வாங்குகிற தமிழும் வைகிற தமிழும் தெரியும். அந்த அளவுக்குள் நிற்கிற வார்த்தைகளாகப் பொறுக்கி எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"புலி இல்லே தொரை. மண்டோரு. துணிய இழுத்தாரு. நான் பால் ஊத்துனேன். வாளி அடிச்சேன்."

துரைக்கு விளங்கிவிட்டது. முகம் சிவந்துபோயிற்று. என் மேலா, அவன் மேலா என்று தெரியவில்லை. அம்மாவைப் பார்த்து, அவள் வெறும் வாளியைக் காட்டி, "புலி இல்லே? நீ ஏன் பால் கொட்டினே?" என்று அதட்டினார்.

என் அம்மா துரைக்கு முன்னால் அதுவரை தலை நிமிர்ந்து நின்றதில்லை. அன்றைக்கு நிமிர்ந்து சொன்னாள்.

"நான் புலிக்குக் கொட்டல தொரை. எம் மவளுக்குக் கொட்டுனேன்."

பக்கத்து நிரை அக்கா முன்னால் வந்து தன் வாளியையும் தரையில் கவிழ்த்து வைத்தாள். "நானும்" என்றாள். ஓடையில் கஞ்சிக்குக் கேட்டவளும் முணுமுணுத்துக்கொண்டே வாளியைக் கவிழ்த்தாள். கிராணி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். துரை துப்பாக்கியை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

நியாயம் கிடைத்ததா என்று கேட்காதீர்கள். எங்கள் எல்லோருக்கும் அன்றைய கூலி இல்லை என்று கிராணி வந்து சொன்னார். லயத்தில் என்னைத் திட்டினவர்களும் உண்டு, எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் மறுநாள் பெரட்டில் நிரை பிரித்தவர் வேறே ஒரு வயசான மண்டோர். பழையவனைத் தோட்டத்தின் மறுகோடியில் ஆண்கள் வேலை செய்கிற சாக்கடை வெட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். மீசையைச் சிரைத்துக்கொண்டுதான் போனான், கித்தாப்பால் முடியில் காய்ந்தால் வேறு வழி கிடையாது. மீசை வளர்கிற வரை தோட்டத்துப் பிள்ளைகள் அவனை விடவில்லை. துரை எங்களுக்காகச் செய்தாரா, பாலுக்காகச் செய்தாரா? பாலுக்காகத்தான் என்று அம்மா அடித்துச் சொல்வாள். எதற்காக என்றால் என்ன, கடைசி நிரையில் நான் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கூலி போன அன்று சாயங்காலம் ஓடைக்குப் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. போனேன். கஞ்சிக்குக் கேட்டவள் சோப்பைத் தேடுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு, "இனிமே எவ அடிச்சாலும் எதுக்குன்னு கேக்கக் கூடாது. மொதல்ல கொட்டணும், ஓடணும். அப்புறந்தான் கேள்வி" என்றாள். யாரும் மறுக்கவில்லை. அம்மா மட்டும், "அத நான் எப்பவோ சொல்லிட்டேன்" என்றாள். பாருங்களேன் அநியாயத்தை!

மழைக்காலம் தொடங்குகிற சமயம் ஒரு நாள், பால் எடுக்கிற நேரத்தில், பக்கத்து நிரையிலிருந்து வாளி கேட்டது. அந்த அக்கா. போன வருஷம் அடிக்காதவள். என் இரண்டு வாளியிலும் விளிம்பு வரை பால் இருந்தது. ஒரே உதையில் ஒன்றைக் கவிழ்த்தேன். வெள்ளையாக ஓடுகிற பாலை மிதித்துக்கொண்டு, வாளியை அடித்துக்கொண்டு ஓடினேன். எல்லாப் பக்கத்திலிருந்தும் வாளி கிளம்பியது. அம்மாவின் ஈய வாளியும் டொக் டொக்கென்று வந்தது.

அக்கா ஒரு மரத்தோடு ஒட்டி நின்றிருந்தாள். முகம் வெளிறிப்போயிருந்தது. உதடு அசைகிறது, பேச்சு வரவில்லை.

"எங்கடி அவன்? எந்தப் பக்கம் போனான்?" என்று அம்மா கத்தியை ஓங்கிக்கொண்டு வந்தாள்.

அக்கா சதுப்பைக் காட்டினாள். சேற்றில் தடம். எங்கள் சோற்றுத் தட்டு அளவுக்கு ஒவ்வொன்றும். அதில் அப்போதுதான் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் புதர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா அந்தத் தடத்தைப் பார்த்தாள். ஓங்கின கையை இறக்கினாள். அப்படியே வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, நெஞ்சைத் தடவி, பெரிதாக மூச்சு விட்டாள்.

"அட, புலிதானா!" என்றாள். "நல்லாப் பயமுறுத்திட்டியேடி. நான் மனுசனோன்னுல்ல நெனச்சு ஓடியாந்தேன்."